கண்டியின் நாளும் ஆண்டும்

ஒரு கோள் தன்னைத்தானே சுற்றுவதால் அதற்கு நாள் உண்டாகிறது. சூரியனைச் சுற்றுவதால் ஆண்டு உண்டாகிறது. ஒரு சுற்று மற்றொன்றுக்குக் கட்டுப்பட்டதல்ல. வியாழன் 10 மணி நேரத்துக்குள் சுழன்று முடிக்கும். சூரியனை வலம்வர அதற்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள் வேண்டும். வெள்ளி சுழல 243 நாட்கள் எடுக்கிறது. சூரியனைச் சுற்றிவர 225 நாட்களே போதும்.

பூமியின் சுழற்சியோடு கண்டி நகரமும் மணிக்கு ஏறத்தாழ 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்கிறது. ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் ஆகும். அதற்குள் பூமி தன் பாதையில் 25 இலட்சம் கி.மீ. கடந்துவிடுவதால், சூரியன் மீண்டும் உச்சிக்கு வர இன்னும் 4 நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது. நாம் கணக்கிடும் 24 மணி நேர நாள் இதுதான். இலங்கை நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. கண்டி அதற்கு மேற்கே, 80.6 பாகையில் இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 7 நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பிந்துகிறது.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்துள்ளது. அந்தச் சாய்வோடு பூமி வலம்வரும்போது உச்சிச் சூரியன் ஆண்டுதோறும் வடக்கும் தெற்குமாக நகர்கிறது. கண்டி 7.3 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் 8 அளவிலும் செப்டம்பர் 4 அளவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நண்பகல்களில் நேராக நட்ட கம்புக்கு நிழல் விழாது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும்; மற்ற மாதங்களில் வடக்கே விழும். நகரம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. ஜூனில் 12 மணி 32 நிமிடம், டிசம்பரில் 11 மணி 42 நிமிடம். இலண்டனில் இந்த வேறுபாடு 8 மணி நேரத்தையும் தாண்டும்.

ஓர் ஆண்டில் முழு நாட்கள் மட்டும் அடங்குவதில்லை. பருவங்களின் ஆண்டு 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. அந்த மிச்சத்தைச் சரிசெய்யவே பெப்ரவரிக்கு 29ஆம் நாள் தரப்படுகிறது. சித்திரைப் புத்தாண்டு விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படும் ஆண்டைப் பின்பற்றுகிறது. அது ஏறத்தாழ 20 நிமிடம் நீளமானது; ஆகவே சுமார் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் புத்தாண்டு தள்ளிப்போகிறது.

கண்டி எசல பெரஹரா திருவிழாவுக்கு நிலவே கணக்கு. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்கள்தான். ஆண்டுக்கு 11 நாட்கள் குறையும். அந்தக் குறையை ஈடுசெய்ய இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 'அதி' மாதம் ஒன்று சேர்க்கப்படுகிறது. அதனால்தான் நிக்கினி மாதப் பௌர்ணமியோடு நிறைவுறும் பெரஹரா, திகதி மாறினாலும் ஜூலை, ஆகஸ்ட் காலத்தைவிட்டு விலகுவதில்லை.