அக்கலேசியாவும் அகநோக்கி மீயொலிச் சோதனையும்

அக்கலேசியா என்பது உணவு விழுங்குவதைக் கடினமாக்கும் அரிய உணவுக்குழாய் நோய் ஆகும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு சுருக்குத்தசை உள்ளது. உணவு வந்து சேரும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். உணவுக்குழாய்ச் சுவரிலுள்ள நரம்பணுக்கள் அழிவதால், இந்நோயில் அத்தசை சரியாகத் தளர்வதில்லை. உணவைக் கீழே தள்ளும் அலை போன்ற அசைவும் இல்லாமற்போகிறது. இதனால் திட உணவு மட்டுமன்றி நீரும் நெஞ்சில் தங்கும். உண்டது எதுக்களித்து வரும். உடல் எடை குறையும். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. 1674இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதனை முதன்முதலில் விவரித்தார்.

வழக்கமான சோதனைகள்

பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில், உணவுக்குழாய் விரிந்தும் அதன் கீழ்முனை பறவையின் அலகுபோல் குறுகியும் தெரியும். குழாயினுள் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி சோதனை, தசை தளராததை உறுதிசெய்யும். ஆனால் அது ஏன் தளரவில்லை என்பதை இச்சோதனைகளால் எப்போதும் கூற இயலாது.

போலி அக்கலேசியா

இரைப்பையின் மேல்முனையில் தோன்றும் புற்றுநோய் சுருக்குத்தசையைச் சுற்றிப் பரவினாலும் இதே அறிகுறிகள் தோன்றும். இது போலி அக்கலேசியா எனப்படுகிறது. எண்டோஸ்கோப்பி எனப்படும் அகநோக்கிச் சோதனை உட்பரப்பை மட்டுமே காட்டுவதால், சுவருக்குள் வளரும் கட்டி அதற்குத் தப்பிவிடலாம்.

மீயொலி உதவும் விதம்

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு வரையிலான ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. நுரையீரலிலுள்ள காற்றும் மார்பு எலும்புகளும் மீயொலியைத் தடுப்பதால், உடலுக்கு வெளியிலிருந்து உணவுக்குழாயைத் தெளிவாகப் படம்பிடிக்க முடியாது. எனவே அகநோக்கியின் நுனியில் சிறு மீயொலிக் கருவியைப் பொருத்தி, வாய் வழியே உட்செலுத்துகின்றனர். இதில் பொதுவாக 50 லட்சம் முதல் 2 கோடி ஹெர்ட்சு வரையிலான அலைகள் பயன்படுகின்றன. அதிர்வெண் கூடினால் படம் நுட்பமாகும். ஆனால் அலை ஊடுருவும் ஆழம் குறையும்.

இப்படத்தில் உணவுக்குழாய்ச் சுவர், வெண்மையும் கருமையும் மாறிமாறி வரும் ஐந்து அடுக்குகளாகத் தெரியும். அக்கலேசியாவில் தசை அடுக்கு தடித்திருக்கலாம். ஆயினும் அடுக்குகளின் ஒழுங்கு குலைவதில்லை. புற்றுநோயில் அடுக்குகள் சிதைந்து, ஒழுங்கற்ற தடிப்போ கட்டியோ காணப்படும். ஐயமுள்ள இடத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தித் திசு மாதிரியும் எடுக்கலாம்.

யாருக்குத் தேவை?

இச்சோதனை எல்லா நோயாளிகளுக்கும் தேவைப்படுவதில்லை. முதிய வயதில் நோய் தொடங்கியவர்கள், சில மாதங்களிலேயே அறிகுறிகள் முற்றியவர்கள், உடல் எடை வேகமாகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கே இது முக்கியமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இவர்களுக்கு சி.டி. ஸ்கேனும் எடுக்கப்படலாம்.

அக்கலேசியாவுக்குப் பலூன் கொண்டு விரித்தல், தசையை வெட்டித் தளர்த்துதல் ஆகிய சிகிச்சைகள் நல்ல பலன் தருகின்றன. ஆனால் போலி அக்கலேசியாவுக்கு அவற்றைச் செய்தால் புற்றுநோய் அப்படியே இருக்க, அதற்குரிய சிகிச்சை தாமதமாகும். ஆகவே சிகிச்சைக்கு முன்பே இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே இச்சோதனையின் முதன்மைப் பயன் ஆகும்.