சேப்பாக்கம் மாளிகை: உத்திரங்கள் உரைக்கும் வரலாறு

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் வாழும் நாம், விடுமுறை நாட்களில் பிள்ளைகளை மெரினா கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோம். வழியில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தைச் சுட்டிக் காட்டுகிறோம். அதன் அருகே நிற்கும் நவாபின் மாளிகையைக் காட்டியிருக்கிறோமா?

ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-ஆம் ஆண்டில் எழுப்பிய அரண்மனை அது. அதன் வளாகம் 117 ஏக்கர் பரந்திருந்தது. நவாபின் இல்லமாகக் கலஸ் மஹாலும், தர்பார் மண்டபமாக ஹுமாயூன் மஹாலும் அமைந்தன. கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் என்பர். இவரே நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். இக்கடன்களின் முறைகேட்டை 1785-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் கடுமையாகச் சாடினார்.

இங்கிலாந்தின் பழைய பண்ணை மாளிகைகளில் சுவரே மரச்சட்டங்களால் ஆனது. செஷயரிலுள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் ஐந்நூறு ஆண்டுகளாக அவ்வாறே நிற்கிறது. நம் ஊரில் சுவருக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும். மரத்தின் வேலை மேல்தளத்தைத் தாங்குவது. தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாகக் குத்திட்டு அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாட்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர் பெற்ற இத்தளம் வெயிலைத் தடுத்து வீட்டைக் குளிர்ச்சியாக வைத்தது.

1855-இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தார். ஆங்கிலேயர் நவாப் பட்டத்தையே ஒழித்தனர். கடனுக்காக அரண்மனை ஏலத்திற்கு வர, அரசே அதனை வாங்கியது. பின்னர் கட்டடக்கலைஞர் ராபர்ட் சிசோம் இரு மஹால்களுக்கும் இடையே கோபுரம் எழுப்பினார். வாழ்ந்த இல்லம் அலுவலகமாயிற்று. ஆற்காடு இளவரசர் குடும்பம் 1876-இல் இராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறியது.

2012 ஜனவரி 16 அதிகாலையில் கலஸ் மஹாலில் தீப்பற்றியது. உத்திரங்கள் எரிய, கூரை இடிந்து வீழ்ந்தது. தீயணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் தம் உயிரையே ஈந்தார். இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சும் எழாமலில்லை. எனினும் பொதுப்பணித்துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் எனப் பழைய முறையிலேயே அதனைப் புதுப்பித்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இடம் பெற்றது. ஹுமாயூன் மஹாலும் பின்னர் சீரமைக்கப்பட்டது.

இதே வாலாஜாவின் பெயரால் திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த பெரிய பள்ளிவாசல், மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லால் ஆனது. கல் தன்னைத் தானே காத்துக்கொள்ளக்கூடும். மரத்தையோ மனிதன்தான் காக்க வேண்டும்.

வாசகர்களே! இது அரண்மனைக்கு மட்டுமுரிய பாடமன்று. நம்மில் பலருக்குக் கீழக்கரையிலோ, காயல்பட்டினத்திலோ, நாகூரிலோ பாட்டனார் கட்டிய வீடு இருக்கிறது. ஊருக்குச் செல்லும்போது, உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையை உற்றுப் பாருங்கள். ஈரமும் கரையானும் முதலில் தாக்குவது அங்கேதான். மழைக்கு முன் மாடியின் நீர்ப்போக்கிகளைத் துப்புரவு செய்யுங்கள். பழைய மின்கம்பிகளை மாற்றுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசாதீர்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை அரித்துவிடும். இடிக்கத் தீர்மானிக்கும் முன், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவரையும், மரவேலை அறிந்த ஆசாரி ஒருவரையும் அழைத்துக் காட்டுங்கள்.

முன்னோர் விட்டுச்சென்ற வீடு நம் கையிலுள்ள அமானிதம். அடுத்த முறை மெரினாவுக்குச் செல்லும்போது, சற்று நின்று அந்த மாளிகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தீக்குப் பின்னும் அது நிற்பதன் காரணத்தையும் எடுத்துச் சொல்லுங்கள்.