இரவில் விழிக்கும் குழந்தை

“இரவில் நான்கைந்து முறை விழித்து அழுகிறான். இந்த மாதிரிக் குழந்தைகள் அப்படித்தானே, டாக்டர்?”

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் தாய்மார்கள் இதை என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அதுவும், வலிப்பு, உணவு, பயிற்சி என அனைத்தையும் பேசி முடித்து எழுந்து செல்லும் வேளையில். அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது என்பதே என் பதில். விழிப்புக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பல காரணங்களுக்குச் சிகிச்சையும் உண்டு.

முதலில் ஐயுற வேண்டியது வலி. தசைகள் இறுகியிருப்பதால் பல குழந்தைகளால் தாமாகப் புரண்டு படுக்க இயலாது. தொடைத் தசைகளின் இழுப்பால் இடுப்பு மூட்டு மெல்ல விலகவும் கூடும். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது நேர்கிறது. தொடக்கத்தில் வலி இராது. ஆகவேதான் குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். உடை மாற்றக் கால்களை விரிக்கும்போது குழந்தை அழுதால் உடனே தெரிவியுங்கள்.

மலச்சிக்கல், உணவு எதுக்களித்தல், உறக்கத்தில் வரும் வலிப்பு, மூச்சு நின்று நின்று வரும் குறட்டை ஆகியவையும் உறக்கத்தைக் கலைக்கும்.

தசை இறுக்கத்தைத் தளர்த்தப் பிசியோதெரபியும், சரியாகப் படுக்க வைக்கும் முறையும் அடிப்படை. தேவையானால் பாக்லோஃபென் மருந்து தருகிறோம். குறிப்பிட்ட தசைகளில் போட்டுலினம் ஊசி போடுகிறோம். ஊசியின் பயன் ஏறத்தாழ 3 மாதங்கள் நீடிக்கும். பாக்லோஃபெனைத் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரக்கூடும். மருந்து தீரும் முன்பே வாங்கி வையுங்கள்.

காரணங்களைச் சரிசெய்து, விளக்கணைக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்திய பின்னரும் உறக்கம் வராத குழந்தைகள் சிலருக்கு மெலடோனின் உதவுகிறது. தூங்க வைப்பதற்காக இருமல் மருந்து கொடுப்பது ஆபத்து. அது மூச்சைத் தளர்த்திவிடலாம்.

அடுத்த முறை வரும்போது இரண்டு வாரக் குறிப்பு கொண்டு வாருங்கள்: உறங்கிய நேரம், விழித்த நேரம், எதனால் அழுகை அடங்கியது என்பன போதும். திருப்பிப் படுக்க வைத்ததும் அடங்கினால் அது ஒரு தடயம். குறட்டையையோ உதறலையோ கைபேசியில் படம்பிடித்து வந்தால் இன்னும் நன்று.

நீங்கள் எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அதுவும் எங்கள் சிகிச்சையில் ஒரு பகுதியே. உறக்கத்தைப் பற்றிய பேச்சை, எழுந்து செல்லும்போது அல்ல, அமர்ந்தவுடனேயே தொடங்குங்கள்.