உஷார்! ‘டிஸ்க்’ குரூப்பில் யார் இருக்கிறார்கள்?

லினக்ஸ் சர்வரைக் கவனித்துக்கொள்பவரா நீங்கள்? இப்போதே டெர்மினலில் ‘கெட்என்ட் குரூப் டிஸ்க்’ என்று அடித்துப் பாருங்கள். வரியின் கடைசியில் ஏதாவது ஒரு யூசர் பெயர் இருந்தால், அந்த யூசரின் கையில் ரூட் அதிகாரமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அந்தப் பெயர் அங்கே நுழையும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். பேக்கப் ஸ்கிரிப்டோ, டிஸ்க்கைக் கண்காணிக்கும் புரோகிராமோ ‘பெர்மிஷன் டினைட்’ என்று நின்றுவிடும். அவசரத்தில் அந்த யூசரை டிஸ்க் குரூப்பில் சேர்ப்பார்கள். வேலை ஓடிவிடும். சேர்த்ததே மறந்துபோகும்.

இந்தக் கோப்பை இன்னார்தான் படிக்கலாம் என்ற காவலெல்லாம் கோப்பு வழியாக வருபவருக்குத்தான். டிஸ்க் குரூப்பில் இருப்பவர் ‘டெவ்’ அடைவில் இருக்கும் ‘எஸ்டிஏ’வை நேரடியாகத் திறந்து முழு டிஸ்க்கையும் பைட் பைட்டாகப் படிக்கிறார், கோப்பு உரிமையை அங்கே யாரும் கேட்பதில்லை. எக்ஸ்ட்4 டிஸ்க் என்றால் ‘டீபக்எஃப்எஸ்’ கருவி ஒன்றே போதும். ‘ஷேடோ’ கோப்பிலுள்ள பாஸ்வேர்டு ஹாஷ்கள், ரூட்டின் எஸ்எஸ்எச் சாவி, டேட்டாபேஸ் எல்லாம் வெளியே வந்துவிடும். சூடோ தேவையே இல்லை. வழக்கமான அமைப்பில் இந்தக் குரூப்புக்கு எழுதும் உரிமையும் உண்டு. கெட்ட எண்ணமே வேண்டாம், இலக்கு மாறிய ஒரு ‘டிடி’ கட்டளை போதும், பார்ட்டிஷன் அழிந்துவிடும். இந்தக் குரூப் பெரும்பாலும் ரூட்டுக்குச் சமம் என்று டெபியன் ஆவணமே எச்சரிக்கிறது.

டாக்கர் குரூப்பும் இதே ரகம்தான். கன்டெய்னருக்கு ஒரு யூஎஸ்பி கருவி வேண்டுமென்றால் ‘டிவைஸ்’ ஆப்ஷனில் அதை மட்டும் கொடுங்கள். ‘பிரிவிலேஜ்ட்’ போட்டால் ஹோஸ்ட்டின் எல்லாக் கருவிகளும் திறந்துவிடும்.

டிஸ்க்கின் நிலையைப் பார்க்க ‘ஸ்மார்ட்சிடிஎல்’ வேண்டுமா? அந்த ஒரு கட்டளைக்கு மட்டும், ஆப்ஷன்களையும் குறிப்பிட்டு, சூடோ விதி எழுதுங்கள். சீரியல் போர்ட்டுக்கு டெபியனிலும் உபுண்டுவிலும் ‘டயல்அவுட்’ குரூப் இருக்கிறது. மற்ற கருவிகளுக்கு யூடெவ் விதியில் வெண்டர் எண், புராடக்ட் எண், தனி குரூப், 0660 உரிமை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ‘சிஎச்மாட் 666’ வேண்டவே வேண்டாம்: கழற்றி மாட்டினால் அது போய்விடும், இருக்கும்வரை எல்லாருக்கும் திறந்தே கிடக்கும்.

டிஸ்க் குரூப்பிலிருந்து பெயரை நீக்கியதும் நிம்மதியடைந்துவிடாதீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸும் பழைய உரிமையோடுதான் இருக்கும். அவற்றை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். பாஸ்வேர்டுகளையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் இன்றே மாற்றுங்கள்.