தீய நாளில் பிறந்த குழந்தைக்கும் மாற்று வழி: ஆஸ்டெக், மாயா புனித நாள்காட்டி சொல்வது என்ன?

மெக்சிகோவின் ஆஸ்டெக் சமூகத்தில், 'இரண்டு முயல்' என்ற நாளில் குழந்தை பிறந்தால் பெற்றோர் கலங்கினர். அந்நாளில் பிறந்தவர் குடிக்கு அடிமையாவார் என்பது நம்பிக்கை. அகேவ் செடியின் சாற்றைப் புளிக்கவைத்துத் தயாரிக்கும் புல்கே மதுவின் தெய்வங்களுக்கு உரிய சின்னம் முயல்.

ஆயினும் அந்த விதி மாற்ற இயலாததன்று. நாள் கணிப்பவர் ஓவியச் சுவடியைப் பார்த்து, குழந்தையை நீராட்டிப் பெயரிடும் சடங்கை அருகிலுள்ள நல்ல நாளுக்குத் தள்ளிவைப்பார். இவ்வழக்கத்தை 16ஆம் நூற்றாண்டில் விரிவாகப் பதிவுசெய்தவர் ஸ்பானியத் துறவி பெர்னார்டினோ தே சாகுன். அதை மூடநம்பிக்கை எனக் கண்டித்தவரும் அவரே.

இப்புனித நாள்காட்டியில் மாதங்கள் இல்லை. 1 முதல் 13 வரையிலான எண்களும் 20 நாள் பெயர்களும் இணையாகச் சுழல்கின்றன. ஒன்று முதலை, இரண்டு காற்று, மூன்று வீடு எனத் தொடங்கி, 'பதின்மூன்று நாணல்' வந்ததும் எண் மட்டும் ஒன்றுக்குத் திரும்பும். மறுநாள் 'ஒன்று ஜாகுவார்'. ஒரே எண்ணும் பெயரும் மீண்டும் சேர 260 நாட்கள் ஆகும். இது கர்ப்ப காலத்தைக் குறிப்பதாகக் குவாத்தமாலாவின் மாயா மக்கள் விளக்குகின்றனர்.

மாயாக்களின் கணக்கும் இதே அமைப்புடையதுதான். ஆனால் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஏழாம் பெயர் இரு மரபிலும் மானைக் குறிக்கிறது. மூன்றாவதோ ஆஸ்டெக்குகளுக்கு வீடு, மாயாக்களுக்கு இருள். 2012இல் உலகம் அழியும் என்று பரவிய வதந்திக்கும் இந்த 260 நாள் கணக்குக்கும் தொடர்பில்லை. அது 'நீள் எண்ணிக்கை' என்னும் வேறொரு மாயா முறையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் எழுந்தது.

இம்மரபு மிகத் தொன்மையானது. குவாத்தமாலாவின் சான் பார்த்தோலோவில் கிடைத்த சுவரோவியத் துண்டுகளில் 'ஏழு மான்' என்ற நாள் குறிக்கப்பட்டுள்ளதாக 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவற்றின் காலம் கி.மு. 300க்கும் 200க்கும் இடைப்பட்டது.

1562இல் யுகாத்தானின் மானி நகரில் துறவி தியேகோ தே லாந்தா மாயாச் சுவடிகளைத் தீயிலிட்டார். எனினும் குவாத்தமாலா மலைப்பகுதியின் கிச்சே மக்கள் நாட்களை எண்ணுவதைக் கைவிடவில்லை. அங்குள்ள மோமோஸ்தெனாங்கோவில் 260 நாட்களுக்கு ஒருமுறை 'எட்டு பாட்ஸ்' நாள் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. பாட்ஸ் என்பதற்குக் குரங்கு என்றும் நூல் என்றும் பொருள். நாள் கணிக்கும் பணிக்குப் புதியவர்கள் பொறுப்பேற்பதும் அந்நாளில்தான்.