அடி வாங்கிய மாணிக்கமும், அடித்துக்கொண்டே இருக்கும் ஹீரோக்களும்!

ரஜினி படம் ரிலீஸ் என்றால் தமிழ்நாட்டில் அது பாதி திருவிழா. தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து விசிலடிக்கும் நாள். ஆனால், 2025 ஆகஸ்ட் 14-ம் தேதி 'கூலி' வெளியானபோது அந்த வரிசையில் பேரனுக்கு இடமில்லை. வன்முறைக் காட்சிகளுக்காகத் தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழ் கொடுத்திருந்தது. 'யு/ஏ' கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மனு தள்ளுபடி ஆனது.

சரி, உள்ளே போன பெரியவர்களுக்காவது மனசு நிறைந்ததா?

நண்பனின் மரணத்துக்குக் காரணமானவர்களைத் தேடிப் போகிறார் தேவா. அதுதான் கதை. ஆனால், சத்யராஜ் நடித்த ராஜசேகரும் தேவாவும் எப்படிப்பட்ட நண்பர்கள் என்று நாம் உணர்வதற்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். நாகார்ஜுனா, உபேந்திரா, சௌபின் சாஹிர், கடைசியில் ஆமிர்கான் என ஆளுக்கொரு என்ட்ரி கொடுத்து முடிப்பதற்கே படத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. யாருக்காக அடிக்கிறார் என்பது மனதில் பதியாதபோது, எத்தனை பேரை அடித்தால் என்ன?

இதே ரஜினி, சரியாக 30 வருடங்களுக்கு முன்பு, 1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'வில் என்ன செய்தார்?

ஆட்டோ ஓட்டினார். தம்பி, தங்கைகளைக் கரையேற்றினார். இடைவேளை நெருங்கும்வரை யார்மீதும் கை வைக்கவில்லை. தம்பிக்காக, கம்பத்தில் கட்டிவைத்து அடித்ததைக்கூடச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். தங்கையின் மருத்துவக் கல்லூரி சீட்டுக்காகக் கண்ணாடி அறைக்குள் போய் ஏதோ பேசுவார். என்ன பேசினார் என்பது நமக்குக் கேட்கவே கேட்காது. எதிரில் இருப்பவரின் முகம் மாறுவது மட்டும் தெரியும். 'யாருய்யா இந்த ஆளு?' என்று தியேட்டரே தவித்துக்கொண்டிருக்கும்போது, தங்கைமேல் ஒருவன் கை வைக்கிறான். மாணிக்கத்தின் முதல் அடி அங்கேதான் விழுகிறது. அந்த ஒரு அடிக்காக ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நம்மைக் காக்க வைத்திருக்கிறார் இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா. இன்றைக்கும் டி.வி-யில் அந்த இடம் வந்தால் ரிமோட் கீழே போய்விடுகிறது.

நட்புக்கும் இதே கணக்குதான். அன்வருக்குப் படத்தில் கிடைப்பது ஃப்ளாஷ்பேக்கில் சில காட்சிகள்தான். ஆனால், அவன் செத்த பிறகு மாணிக்கம் தன் பெயரையே 'மாணிக் பாட்ஷா' ஆக்கிக்கொள்கிறார். நண்பன் பெயரோடு வாழ்கிற ஒருவன் எதற்காக அடிக்கிறான் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்திலும் மொக்கையான சண்டைப் படங்கள் வண்டி வண்டியாக வந்தன. அவற்றை மறந்துவிட்டோம், அவ்வளவுதான். சண்டையை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 'கூலி'யை எடுத்த அதே லோகேஷ் கனகராஜின் 'கைதி'யையே (2019) எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு இல்லை, ஹீரோயின் இல்லை, ஒரே ராத்திரி, விடிய விடிய அடிதடி. ஆனாலும் குடும்பம் குடும்பமாக ரசித்தார்கள். ஏன்? ஜெயிலிலிருந்து வெளியே வந்த டில்லி, இதுவரை பார்த்தே இராத தன் மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறான். அங்கே ஆசிரமத்தில் ஒரு சின்னப் பெண், தன்னைப் பார்க்க வரப்போவது யார் என்றே தெரியாமல் காத்துக்கொண்டிருக்கிறாள். லாரிமீது ஒவ்வொரு கும்பல் பாயும்போதும், நமக்குப் பதறுவது அந்தக் குழந்தைக்காக.

'விக்ரம்' (2022) படத்திலும் அப்படி ஒரு குழந்தை உண்டு. இதயக் கோளாறு உள்ள பேரன். பெரிய சத்தம் கேட்டாலே ஆபத்து. இப்படி ஒரு விஷயத்தை வைத்துவிட்டால் துப்பாக்கி வெடிக்கும்போது நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? அதே படத்தில் ஏஜென்ட் டீனா. பாதிப் படம்வரை வீட்டு வேலை செய்யும் அம்மாவாக, யாரும் கண்டுகொள்ளாத ஓர் ஓரத்தில் நிற்பவர், சட்டென்று சண்டையில் இறங்குவார். சில நிமிடங்கள்தான். வசந்தி என்ற அந்த நடிகைக்குக் கிடைத்த கைதட்டல், பல பெரிய படங்களின் ஹீரோயின்களுக்குக்கூடக் கிடைத்ததில்லை. (பெரிய பட்ஜெட் படத்து ஹீரோயின்களுக்கு இரண்டு பாட்டும் ஒரு கடத்தலும் தவிர வேறு வேலை கொடுத்தால்தானே!)

பிறகு ஏன் இப்படி ஆனது?

பெரிய காரணம், 'பான் இந்தியா' கணக்கு. ஒரே படம் தமிழ், தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் என ஐந்து மொழிகளில் ஓட வேண்டும். அம்மாவும் மகனும் மதுரை வழக்கில் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியை டப்பிங்கில் கொண்டுபோனால் பாதி உயிர் போய்விடும். பத்துப் பேர் பறந்து விழுவதற்கு டப்பிங்கே வேண்டாம். மார்க்கெட்டுக்கு ஒரு ஸ்டார் வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டால், அவருக்கும் ஒரு ஸ்லோமோஷன் கொடுத்தாக வேண்டும். முதல் மூன்று நாளில் வசூலை அள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. டீசரில் வெட்டி ஒட்ட வசதியானது சண்டைதான். ஒருவன் அமைதியாக அடி வாங்குவதை 30 செகண்ட் ரீல்ஸில் எப்படி விற்பது?

விளைவு, சத்தம். நிஜமாகவே சத்தம்! 2024 நவம்பரில் சூர்யாவின் 'கங்குவா' வந்தபோது, காது வலிக்கிறது என்று ரசிகர்கள் புலம்பினார்கள். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே இதுபற்றி வருத்தப்பட்டு எழுதினார். ஒலி அளவை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்தார். பிறகு படத்திலிருந்து 12 நிமிடங்களையும் வெட்டினார்கள். அதே வருடம் ஜூலையில் வந்த 'இந்தியன் 2' படத்துக்கும் இதே கதி. அங்கும் கத்தரி 12 நிமிடம்தான்.

'இந்தியன் 2' விஷயத்தில் வருத்தம் கொஞ்சம் கூடுதல். 1996-ல் வந்த முதல் பாகத்தில் சேனாபதி கத்தி எடுத்ததற்குப் பின்னால், லஞ்சம் கொடுக்க மறுத்ததால் சிகிச்சை கிடைக்காமல் கண்ணெதிரே கருகிச் செத்த மகள் இருந்தாள். கடைசியில் பெற்ற மகனையே கொல்ல வேண்டிய நிலை வந்தது. அந்தக் கத்தி நம்மையும் குத்தியது. இரண்டாம் பாகத்தில் வர்மத்தால் ஒருவர் பின் ஒருவராக ஆட்களை வீழ்த்துகிறார். ஆனால், தாத்தாவுக்கு இழக்க எதுவுமே இல்லை.

2025 மே 1-ம் தேதி நடந்ததையும் சொல்ல வேண்டும். சூர்யாவின் 'ரெட்ரோ' வெளியான அதே நாளில் சத்தமில்லாமல் வந்தது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒரு தெருவில் தங்கும் ஒரு குடும்பம், அந்தத் தெருவில் இருக்கும் மனிதர்கள். அவ்வளவுதான் படம். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். வாய்வழிப் பேச்சிலேயே கூட்டம் கூடியது. பாட்டியைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது முறை போன வீடுகள் உண்டு.

'கூலி' விஷயத்துக்கே வருவோம். செப்டம்பர் 11-ம் தேதி அது ஓ.டி.டி-க்கு வந்துவிட்டது. நான்கு வாரத்துக்கு முன்பு தியேட்டர் வாசலில் தடுக்கப்பட்ட பேரன், இப்போது வீட்டு ஹாலில் தாத்தாவின் போனிலேயே படத்தைப் பார்க்க முடியும். 'தாத்தா, செத்துப்போன அந்த மாமா யாரு? ரஜினி ஏன் அவருக்காக இவ்ளோ கோபப்படுறாரு?' என்று அவன் கேட்டால், தாத்தாதான் பதில் சொல்லியாக வேண்டும்.