மெல்லிய விஸ்கியும் பொறுமையான மூக்கும்

நண்பர் வீட்டில் முதன்முதலாக கிளென்மோரஞ்சி 10 ஆண்டு மால்ட்டைக் குடித்தபோது, எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. கிளாஸ் நிறைய ஐஸ், பக்கத்தில் தட்டு நிறையக் காரமான மிக்சர். அந்த விஸ்கியில் குறை ஏதும் இல்லை என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. மெல்லிய மால்ட் தன் மணத்தைத் தானாக நம்மிடம் கொண்டுவராது. நாம்தான் அதனருகில் போக வேண்டும்.

சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்றால், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து ஒரே வடிசாலையில் வடித்தது. ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்திருக்க வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சட்டத்தின் முக்கியமான பகுதி இவ்வளவுதான். மற்றதில் பெரும்பாலானவை வடிசாலைக்கு வடிசாலை மாறும்.

கிளென்மோரஞ்சியின் மென்மைக்குக் காரணம் அதன் வாலைகளில், அதாவது காய்ச்சி வடிக்கும் செம்புக் கலங்களில், இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே டெய்ன் என்ற சிற்றூரை ஒட்டி 1843இல் வில்லியம் மாத்திசன் தொடங்கிய வடிசாலை இது. ஜின் வடித்த பழைய வாலைகளை விலைக்கு வாங்கித்தான் தொடங்கினார்கள். அவற்றுக்குக் கழுத்து நீளம். பின்னால் வாலைகளை மாற்றியபோதும் அந்த வடிவத்தை விடவில்லை. இன்று கழுத்து மட்டும் 5.14 மீட்டர். கொதிக்கும் ஆவி அந்தச் செம்புக் கழுத்தில் ஏறும்போது, கனமான, எண்ணெய்ப் பிசுக்குள்ள பொருள்கள் பாதியிலேயே குளிர்ந்து மறுபடி கீழே விழுந்துவிடும். கந்தகவாடையைச் செம்பு பிடித்துக்கொள்ளும். உச்சியைத் தாண்டுவது பழமும் பூவும் போல மணக்கும் இலேசான பகுதிதான். அது அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்து காலியான ஓக் பீப்பாய்களுக்குப் போகிறது. வெனிலா, தேங்காய் மணங்கள் அந்த மரத்திலிருந்து வருபவை.

கிளென்மோரஞ்சி நிறுவனத்தின் கையில்தான் ஐலா தீவின் ஆர்ட்பெக் வடிசாலையும் இருக்கிறது. அதற்கான பார்லியைப் பீட் என்னும் கரிமண் புகையில் உலர்த்துகிறார்கள். பாட்டிலைத் திறந்ததும் பக்கத்து அறைக்கே தெரியும். அதைக் குடித்த நாக்கோடு மெல்லிய மால்ட்டுக்கு வந்தால் வெந்நீர் குடித்தது போலிருக்கும். ஒரே மாலையில் இரண்டும் என்றால், மெல்லியது எப்போதும் முதலில்.

இனி ருசிப்பதற்கு வருவோம். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும், மணம் அதில்தான் தேங்கும். 25 மில்லி போதும். ஐஸ் வேண்டாம், குளிரில் மணங்கள் எழும்பாது. ஊற்றி ஐந்து, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். நிறத்தைப் பார்த்து வயதையோ தரத்தையோ கணிக்காதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது.

மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு இழுத்தால் ஆல்கஹால் சுரீரென்று ஏறி மூக்கை மரத்துப்போகச் செய்யும். கிளாஸை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயை இலேசாகத் திறந்துகொண்டு, சிறு சிறு மூச்சாக முகருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவாருங்கள். பெட்டியின் மேல் அச்சடித்த வர்ணனைகளை அப்போது படிக்காதீர்கள். பீச், நெக்டரின் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பழங்களைக் கடித்தே பார்க்காதவருக்கு அதனால் என்ன பயன்? எனக்குக் கிளென்மோரஞ்சியில் முதலில் வருவது ஆரஞ்சுத் தோலை விரலால் மடக்கும்போது தெறிக்கும் வாசனை. கொஞ்ச நேரம் கழித்துத் தேங்காய்ப்பால், அதன் பின்னால் தேன். உங்களுக்கு வேறு ஏதாவது வரலாம். உங்கள் சமையலறையிலும் தோட்டத்திலும் இருந்து அதற்குப் பெயர் வையுங்கள். பெயர் வைத்த மணம் அடுத்த முறை எளிதில் சிக்கும்.

தண்ணீர் கலப்பது பாவம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. விஸ்கி கலக்கும் வல்லுநர்களே ஆல்கஹால் சுமார் 20 சதவீதம் ஆகும்வரை நீர் ஊற்றித்தான் முகர்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினி வழியே இதற்கு ஒரு காரணம் காட்டினார்கள். புகைமணம் தரும் குவையகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் மிகுந்திருக்கும்போது திரவத்துக்குள்ளேயே அமிழ்ந்து கிடக்கிறது. நீர் சேர்ந்து ஆல்கஹால் குறைந்தால் மேற்பரப்புக்கு வருகிறது. ஆனால் 40 சதவீத மெல்லிய மால்ட்டில் கை தாராளமாகிவிடக் கூடாது. சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு முறை முகர்ந்து பாருங்கள்.

முதல் மடக்கு வாயைப் பழக்க மட்டும்தான், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவதைப் பத்து நொடி நாக்கின் மேல் உருட்டி விழுங்கிவிட்டு, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மணம் மறுபடி ஏறும். மெல்லிய மால்ட்டின் பாதி ருசி இந்த மூச்சில் இருக்கிறது.

காலியான கிளாஸை உடனே கழுவாதீர்கள். இரவெல்லாம் அப்படியே வைத்துக் காலையில் முகர்ந்தால், ஆல்கஹால் போய் மரமும் வெனிலாவும் மட்டும் அடியில் ஒட்டியிருக்கும்.